ஆட்டுக்கு வயிற்றறுவையும் பேறுகால அறுவையும்: மாதவரம் பக்கத்தில் ஒரு சிறு கால்நடை மருத்துவமனை

மாதவரம் பால்பண்ணைப் பகுதியிலிருந்து மூலக்கடைக்கு வரும் வழியில், ஒரு குறுக்குத் தெருவில் இயங்கும் தனியார் கால்நடை மருத்துவமனையைப் பற்றியது இந்த மதிப்புரை. குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் பெயரைத் தவிர்க்கிறேன். கொடுங்கையூர், வியாசர்பாடி, புழல் பக்கம் ஆடு வைத்திருப்பவர்களுக்கு இடம் எதுவென்று புரிந்துவிடும். பலகையில் நாய், பூனை படங்கள்தாம் இருக்கின்றன என்றாலும் வெள்ளாட்டுக்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். கத்தியை எடுப்பதற்கு முன் எடுக்கத்தான் வேண்டுமா என்று பார்ப்பதில் அவர்கள் காட்டும் பொறுமையே எனக்கு அந்த இடத்தின் முதன்மையான தகுதியாகப் படுகிறது. அறுத்துத் தைக்கத் தெரிந்த மருத்துவரைத் தேடினால் கிடைப்பார். "இதற்கு இன்றைக்கு அறுவை வேண்டாம், நாளை காலை வரை பார்ப்போம்" என்று கட்டணத்தை விட்டுக்கொடுத்துச் சொல்பவர் எளிதில் கிடைப்பதில்லை.

எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்திலிருந்து வெள்ளாடுகள் உண்டு. மேய்ச்சல் நிலம் என்று சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. அவிழ்த்து விட்டால் தெருதான் மேய்ச்சல். சுவரொட்டியை அதன் மைதாப் பசைக்காக உரித்துத் தின்னும். காய்கறிக் கடையின் கழிவோடு அதைக் கட்டிப் போட்ட பாலித்தீன் பையையும் விழுங்கும். மண்டபத்தில் கொட்டிய பிரியாணிச் சோறு கண்ணில் பட்டால் வயிறு வெடிக்கிற அளவுக்குத் தின்னும். செங்குன்றம் அரிசி ஆலைகளிலிருந்து வரும் குருணையும் தவிடும் மூட்டையாக வாங்கி வைத்திருக்கும் வீடுகளில், மூட்டை அவிழ்ந்து கிடந்த இரவுக்கு மறுநாள் ஆடு எழுந்திருக்காது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தாலும், எங்கள் ஆட்டின் வயிற்றிலிருந்து வெளியே வந்தவற்றைப் பார்த்தபோது அந்தத் தடை எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றே தோன்றியது.

தின்ற தீனி முதலில் போய்ச் சேரும் பெரிய வயிற்றறையான பெருவயிறு ஆட்டுக்கு அடைத்துக்கொள்வதில் இரண்டு வகை உண்டு என்பதையும், இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல என்பதையும் அங்கேதான் ஒழுங்காக விளக்கினார்கள். சோறு, அரிசி, மாவு போன்றவற்றை அளவுக்கு மீறித் தின்றால் பெருவயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை வேகமாகப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. வயிற்றுநீரின் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல்) சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டியது 5-க்குக் கீழும் இறங்கிவிடும். உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுவதால் கண் குழிந்து, கால் தள்ளாடி, ஓரிரு நாளுக்குள் ஆடு செத்துப்போகலாம். பிளாஸ்டிக் அப்படி அவசரப்படுவதில்லை. அது செரிக்காமலும் வெளியேறாமலும் மாதக்கணக்கில் திரண்டு முறுக்கிக் கயிறாகி இடத்தை அடைத்துக்கொள்ள, ஆடு இளைத்துக்கொண்டே போகும், வயிறு மட்டும் பெருத்துத் தெரியும். பார்ப்பவர்கள் சினை என்று நினைத்து மகிழ்வதும் உண்டு.

எங்கள் பெட்டை ஆட்டைக் கொண்டு போனபோது அது அசை போடுவதை நிறுத்தியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே நின்றது. புழுக்கை குறைந்து, சளி பூசினாற்போல் வந்தது. அந்த மருத்துவர் முதலில் செய்த காரியம் ஆட்டை எடை போட்டது. அதற்கான காரணம் அப்போது எனக்குப் புரியவில்லை, கீழே சொல்கிறேன். பிறகு இடப்பக்க விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில் கைமுட்டியை வைத்து அழுத்தினார். பிசைந்த மாவில் பதிவதைப் போல அந்தக் குழிவு அப்படியே நின்றது. அங்கேயே குழலை வைத்துக் கேட்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நலமாக உள்ள வெள்ளாட்டின் பெருவயிறு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை அசையும். எங்கள் ஆட்டுக்கு அவர் காத்திருந்த நேரம் முழுவதும் ஒன்றும் கேட்கவில்லை. வாய் வழியாகக் குழாய் செலுத்தி வயிற்றுநீரைச் சிறிது எடுத்து, நிறம் மாறும் தாளில் சோதித்து, கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். அமிலம் ஏறவில்லை, ஆனால் நீந்திக்கொண்டிருக்க வேண்டிய நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அடங்கிக் கிடந்தன. அரிசி அல்ல, நாள்பட்ட அடைப்பு என்று அப்போதே ஊகித்துச் சொன்னார். இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் சாதாரண எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது என்பதால் அதற்கு அனுப்பிப் பணம் வாங்கவும் அவர்கள் முயலவில்லை.

உடனே அறுக்கவும் இல்லை. பாரபின் எண்ணெய், செரிமானத்தைத் தூண்டும் மருந்து, ரத்தக்குழாய் வழியாக ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புநீர் என்று ஓர் இரவு பார்த்தார்கள். வாயில் எண்ணெய் ஊற்றும் வேலையை வீட்டில் நாங்களே செய்கிறோம் என்று சொன்னதை மறுத்துவிட்டார்கள். தலையை உயர்த்திப் பிடித்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஆடு நிமோனியாவில் போய்விடும் என்பதால் குழாய் வழியாகத்தான் கொடுத்தார்கள். மறுநாளும் வயிறு அசையாததால்தான் அறுவை என்று முடிவானது. அந்த ஓர் இரவு வீண் என்று என் கணவர் முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் நீர்ச்சத்து ஏறாத ஆட்டை அறுவை மேசையில் ஏற்றினால் பாதி ஆபத்தை நாமே சேர்த்துக்கொள்வதாகும். அதே இடத்தில், பக்கத்துத் தெருக்காரர் குருணை தின்ற கிடாயைக் கொண்டு வந்தபோது நடந்தது வேறு: தின்று சில மணி நேரமே ஆகியிருந்ததாலும் ஆடு இன்னும் நின்றுகொண்டிருந்ததாலும், காத்திருக்காமல் அன்றே வயிற்றைத் திறந்து குருணையை அள்ளி எடுத்தார்கள். ஒன்றில் பொறுத்தும் மற்றொன்றில் விரைந்தும் செயல்பட்டதை நேரில் பார்த்த பிறகுதான் இதை எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

அறுவை அறைக்குக் கண்ணாடிக் கதவு இருக்கிறது. உரிமையாளர் வெளியே நின்று பார்க்கலாம். ஆட்டை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, இடப்பக்க விலாவில் முடியை மழித்து, போவிடோன் அயோடினும் ஸ்பிரிட்டும் மாற்றி மாற்றித் துடைத்தார்கள். முழு மயக்கம் கொடுக்கவில்லை. அறுக்கும் இடத்தைச் சுற்றி லிக்னோகெயின் ஊசியால் மரத்துப்போகச் செய்தார்கள். எடை போட்டது இங்கேதான் உதவியது. வெள்ளாட்டின் உடல் லிக்னோகெயினை அதிகம் தாங்காது. கிலோவுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராமைத் தாண்டினால் வலிப்பு வரக்கூடும். 25 கிலோ ஆட்டுக்கு, கடையில் கிடைக்கும் இரண்டு சதவீத மருந்தில் ஆறு மில்லிதான் கணக்கு. அந்த ஆறு மில்லி விலா முழுவதையும் மரக்கச் செய்யப் போதாது என்பதால் உப்புநீர் கலந்து நீர்த்துப் போட்டார்கள். மாட்டுக்குப் போடும் கைப்பழக்கத்தில் ஆட்டுக்கும் போட்டுவிடுவது எவ்வளவு எளிதில் நேரக்கூடியது என்று யோசித்தால் அந்த எடைத் தராசின் மதிப்பு தெரியும். அமைதிப்படுத்தும் சைலசின் ஊசிக்கும் வெள்ளாடு மாட்டைப் போலவே, சொல்லப்போனால் சற்று அதிகமாகவே, சிறிய அளவுக்கே கட்டுப்பட்டுவிடும் என்பதால் அதிலும் கை இழுத்துத்தான் கொடுத்தார்கள்.

தோல், தசை, உட்சவ்வு ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்த பிறகு, பெருவயிற்றின் ஒரு பகுதியை வெளியே இழுத்து அதன் சுவரைச் சுற்றிலும் தோலோடு தற்காலிகமாகத் தைத்தார்கள். இந்த ஒரு படியை அவசரத்தில் விட்டுவிட்டால் வயிற்றில் உள்ளவை வயிற்றறைக்குள் சிந்தி, அறுவை எவ்வளவு அழகாக முடிந்தாலும் சில நாளில் ஆடு சீழ் வைத்துச் செத்துப்போகும். பிறகுதான் வயிற்றைக் கீறினார்கள். கையை விட்டு அவர் இழுத்த முதல் இழுப்பில் வந்தது, பால் உறை, கறுப்புக் கைப்பை, பாக்குப் பொட்டலம், நைலான் கயிறு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய நீண்ட திரி. வாளி பாதிக்கு மேல் நிறைந்தது. அதோடு முடிக்காமல், பக்கத்திலுள்ள தேன்கூட்டு வயிற்றிலும் விரலால் துழாவி, கம்பியோ ஆணியோ இருக்கிறதா என்று பார்த்தார். வயிற்றுச் சுவரை உள்ளே மடங்கும்படி இரண்டு அடுக்காக, உடலில் கரையும் நூலால் தைத்துக் கழுவிய பிறகு, கையுறையையும் கருவிகளையும் மாற்றிக்கொண்டே தசையைத் தைக்கத் தொடங்கினார். அசுத்தமான கட்டத்தில் பயன்பட்ட இடுக்கி சுத்தமான கட்டத்துக்கு வரக்கூடாது என்பதற்காக இரண்டாவது தட்டைத் தனியே மூடி வைத்திருந்தார்கள். ஒரு கால்நடை மருத்துவமனையை மதிப்பிட எனக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால், இந்த இரண்டாவது தட்டு உண்டா என்றுதான் கேட்பேன்.

அறுவைக்குப் பிந்தைய கவனிப்பில் பாதி நன்றாகவும் பாதி அரைகுறையாகவும் இருந்தது. வலிக்கு மெலாக்சிகாம், நோய்த்தொற்றுக்கு ஊசி, ரணசன்னித் தடுப்பு எல்லாம் முறையாகப் போட்டார்கள். ஆனால் காலியான வயிற்றில் நுண்ணுயிர்களைத் திரும்பக் குடியேற்ற நலமான ஆட்டின் வயிற்றுநீர் வேண்டும். அது அவர்களிடம் இருப்பில் இல்லை. புளியந்தோப்பு ஆடுதொட்டிக்குப் போய் அப்போதே அறுத்த ஆட்டின் வயிற்றுநீரை வடிகட்டி, சூடு ஆறாமல் குடுவையில் கொண்டு வரும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. விடியற்காலையில் தெரிந்தவர் இல்லாமல் அங்கே போய் நின்று கேட்பது எல்லோராலும் ஆகாது. ஆடுதொட்டி இவ்வளவு அருகில் இருக்கும்போது மருத்துவமனையே ஓர் ஆளை ஏற்பாடு செய்து, அதற்கும் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். எப்படியோ, அந்த நீர் உள்ளே போன பிறகு ஆடு அசை போடத் தொடங்கியதைப் பார்த்தோம். முதலில் அகத்தி, வேப்பிலை போன்ற தழைகளைக் கொஞ்சமாகக் கொடுத்து, தவிட்டைக் கடைசியில் சேர்த்தோம். தோலின் தையலை இரண்டு வாரத்துக்குள் பிரித்தார்கள், சீழ் இல்லை.

பேறுகாலத்துக்குப் போனது வேறோர் ஆட்டுக்காக. எங்கள் தெருப் பக்கத்தில் பெட்டைகள் சிறிய உடற்கூடு கொண்டவை. பக்ரீத் விற்பனைக்குக் குட்டி பெரிதாக வேண்டும் என்று சமுனாபாரி, போயர் கலப்புக் கிடாய்களோடு சேர்க்கிறார்கள். குட்டி தந்தையின் எலும்போடு வளரும்போது தாயின் இடுப்பெலும்பு வழி விடுவதில்லை. ஒற்றைக் குட்டியானால் இன்னும் மோசம், ஏனென்றால் கருப்பையில் உள்ள தீனி முழுவதும் அதற்கே போய்விடும். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். சேர்த்த தேதியைச் சுவரில் எழுதி வைத்திருந்தால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை தயாராக இருக்கும். எங்களுடையது இரட்டைக் குட்டி. பனிக்குடம் உடைந்து, அரை மணி நேரத்துக்கு மேல் முக்கியும் ஒரு கால் மட்டும் எட்டிப் பார்த்தது. மீன்பாடி வண்டியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்துக் கொண்டு போனோம்.

அந்த நேரத்தில் ஆட்டின் உள்ளே கை விடுவதற்குப் பெரிய கை உதவாது. மருத்துவர் ஒரு முறை பார்த்துவிட்டு, அங்கே பயிற்சியில் இருந்த இளம் பெண் மருத்துவரை அழைத்து அவர் கையால் பார்க்கச் சொன்னார். முழங்கை வரை கையுறை அணிந்து, நிறைய வழவழப்புத் திரவம் ஊற்றி, குட்டியின் தலை பின்பக்கம் திரும்பித் தாயின் விலாவை நோக்கி மடங்கியிருப்பதாக அவர் சொன்னார். தலையைத் திருப்பி நேராக்க முயன்றார்கள். இருபது நிமிடத்துக்குள் திரும்பவில்லையென்றால் இழுக்கப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த வரம்பை நான் மிகவும் மதிக்கிறேன். காலைக் கயிற்றில் கட்டி இரண்டு பேர் சேர்ந்து இழுத்துக் கருப்பையைக் கிழித்து, பிறகு அறுவைக்கு எடுத்துச் செல்லப்படும் ஆடுகளைப் பற்றி எங்கள் பகுதியில் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். கிழிந்த பிறகு செய்யும் அறுவைக்கும் கிழிவதற்கு முன் செய்யும் அறுவைக்கும் பிழைப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கருப்பை வாய் முழுதாகத் திறக்காமல் வளையமாக இறுகி நிற்கும் ஆடுகளில் கையால் விரிக்க முயல்வதே அதைக் கிழிக்கும் என்றும் பிறகு பேசும்போது சொன்னார்.

தலை திரும்பவில்லை. மறுபடியும் இடப்பக்க விலா. பெருவயிறு அந்தப் பக்கம் தடுப்பாக நிற்பதால் குடல் வெளியே சரியாது என்று காரணம் சொன்னார்கள். குட்டிகள் வெளியே வரும் வரை சைலசின் கொடுக்கவில்லை, அது கருப்பையைச் சுருங்கச் செய்யும், குட்டியின் மூச்சையும் அடக்கும். நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் குமிழ்களைத் தவிர்த்துக் கருப்பையைக் கீறி, முதலில் சிக்கிய குட்டியை எடுத்தார்கள், அது இறந்திருந்தது. பின்னால் இருந்த பெட்டைக்குட்டிக்கு உயிர் இருந்தது. மூக்கையும் வாயையும் துடைத்து, வைக்கோலால் முதுகைத் தேய்த்து, தொப்புளில் அயோடின் வைத்து என் கையில் கொடுத்தார்கள். ஒட்டியிருந்த நஞ்சைப் பிய்க்காமல் உள்ளேயே விட்டுத் தைத்து, கருப்பை சுருங்க ஆக்சிடோசின் போட்டார்கள்; அது தானாக விழுந்தது. விலாவைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே உதவியாளர் சீம்பாலைக் கறந்து குட்டிக்குப் புகட்டினார். மயக்கம் தெளியாத ஆடு தன் குட்டியை முட்டித் தள்ளுவது உண்டு என்று சொல்லி, பனிக்குட நீர் நனைந்த துணியைத் தாயின் மூக்கில் தடவிவிட்டு, நக்கத் தொடங்கிய பிறகே குட்டியைப் பக்கத்தில் விட்டார்கள். கருவுற்ற பெண்கள் இதன் பக்கம் வர வேண்டாம், நஞ்சை வெறுங்கையால் தொட வேண்டாம், ஆட்டிலிருந்து மனிதருக்குப் பரவும் புருசெல்லா போன்ற நோய்கள் அதன் வழியாக வரும் என்று என் நாத்தனாரை அப்புறப்படுத்தி வெளியே அனுப்பியதும் அவர்கள்தாம்.

இனி குறைகள். காத்திருக்கும் இடம் ஒன்றுதான். நாய்கள் குரைத்துக்கொண்டிருக்கும் கூடத்தில் முக்கிக்கொண்டிருக்கும் ஆட்டை வைத்திருப்பது அதற்குத் துன்பம், அச்சத்தில் முக்குவதையே அது நிறுத்திவிடக்கூடும். பின்பக்கம் தகர ஓடு போட்ட கொட்டகை காலியாகக் கிடக்கிறது. அதை ஆட்டுக்கு ஒதுக்கினால் தீரும். இரவில் மருத்துவர் இல்லை, தொலைபேசியும் எடுக்கப்படுவதில்லை. ஆடு குட்டி போடுவது பகலில் மட்டும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாதபோது, இரவில் போவதற்கு வேறு எந்த இடம் என்றாவது கதவில் எழுதி ஒட்டலாம்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது எழுதித் தரும் சீட்டில் மருந்துகளின் பெயர் இருக்கிறது, ஆனால் அந்த மருந்து உடலிலிருந்து நீங்கும் வரை எத்தனை நாள் பாலைக் கறந்து பயன்படுத்தக் கூடாது, எத்தனை நாள் இறைச்சிக்கு அறுக்கக் கூடாது என்ற குறிப்பு இல்லை. நான் கேட்ட பிறகு வாயால் சொன்னார்கள். கேட்காதவர்கள் அந்த ஆட்டுப் பாலைக் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுப்பார்கள், பிழைக்காது என்று தோன்றினால் அன்று மாலையே கறிக்கடைக்கு விற்றுவிடுவார்கள். எங்கள் பகுதியில் நோயுற்ற ஆட்டின் இரண்டாவது வழி எப்போதும் கறிக்கடைதான் என்பது மருத்துவருக்கும் தெரியும். ஆகவே இதைச் சீட்டில் அச்சிட்டே தர வேண்டும்.

செலவு பற்றி: அறுவைக் கட்டணம், மருந்து, நூல், தங்கல் எல்லாம் சேர்த்து, வளர்ந்த ஆட்டின் விலையில் ஏறத்தாழப் பாதி ஆயிற்று. கட்டணத்தை முன்கூட்டியே எழுதிக் காட்டினார்கள், முடிந்த பிறகு கூட்டவில்லை. கறிக்காக வளர்க்கும் கிடாய்க்கு இவ்வளவு செலவழிப்பது கணக்குக்கு ஒத்துவருமா என்பது அவரவர் முடிவு. பால் தரும், குட்டி போடும் பெட்டைக்கு ஒத்துவருகிறது. ஆனால் பேறுகால அறுவை நடந்த பெட்டையை மறு ஈற்றுக்கு விடுவதற்கு முன் நன்றாக இடைவெளி விட வேண்டும், பெரிய கிடாயோடு சேர்க்கவே கூடாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். செலவு தாங்காதவர்களுக்கு அந்த மருத்துவரே காட்டும் வழி, 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை. மாணவர்கள் கற்கும் இடம் என்பதால் ஒரு நோயைப் பலர் பார்ப்பார்கள், கருவிகளும் அங்கே அதிகம். முக்கிக்கொண்டிருக்கும் ஆட்டை வண்டியில் ஏற்றிப் பெரம்பூர் நெரிசலைக் கடந்து அங்கே கொண்டு சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மட்டும் கிளம்புவதற்கு முன் யோசித்துக்கொள்ள வேண்டும். நாள்பட்ட வயிற்றடைப்புக்கு அந்தத் தொலைவு ஒரு பொருட்டல்ல. பனிக்குடம் உடைந்த ஆட்டுக்கு நான் மாதவரத்துக்கே போவேன்.